ஏரி மரங்களில் ஏழைக்கு எவ்வளவு பங்கு?



ஊர்க்காடு என்பது ஊரார் தாங்களே நட்டு, காத்து, விளைச்சலைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் காடு. நிலம் அரசுடையதாக இருக்கலாம், ஊராட்சியுடையதாக இருக்கலாம். எந்த மரத்தை எப்போது வெட்டுவது, புல்லை யார் அறுப்பது, வரும் பணம் யாருக்கு என்பதை ஊர் முடிவு செய்ய வேண்டும். வனத்துறை ஆள் வைத்துக் காக்கும் காட்டிலிருந்தும், தனியார் நட்டு விற்கும் சவுக்குத் தோப்பிலிருந்தும் ஊர்க்காட்டைப் பிரிப்பது இந்த உரிமைதான். கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேற்கு வங்கத்திலும் நேபாளத்திலும் மகாராஷ்டிரத்திலும் இந்த உரிமை கைக்கு வந்த பல ஊர்களில் காடு மீண்டது. வறுமை குறைந்ததா என்பது வேறு கேள்வி. சில ஊர்களில் குறைந்தது. சில ஊர்களில் காடு தழைத்தும் ஏழைக் குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை மரத்தில் தேடிப் பயனில்லை. பங்கு வைத்த முறையில் அது இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் பகுதியில் பெருங்காடு எதுவும் இல்லை. இருப்பவை களாவும் காரையும் சூரையும் அடர்ந்த சிறுசிறு காப்புக்காடுகள், மேய்க்கால் புறம்போக்குகள், தோப்புப் புறம்போக்குகள், வாய்க்கால் ஓரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏரிகள். நீர்வளத் துறைக் கணக்கில் வரும் ஏரிகள் மட்டும் இந்த மாவட்டத்தில் 381. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஒன்றிய ஏரிகளும், குளம் குட்டைகளும் தனி. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் ஏரி கோடையில் வற்றத் தொடங்கியதும் உள்வாயில் பரந்த நிலம் வெளிப்படும். அந்த நிலமும் கரையும் தனி ஆள் எவருக்கும் சொந்தமில்லை. நிலமில்லாத குடும்பத்தின் ஆடு மேய்வது அங்கே. அடுப்புக்குச் சுள்ளி வருவது அங்கிருந்து. கோரை அறுப்பதும் மீன் பிடிப்பதும் அங்கேதான். ஆகவே இந்தப் பகுதியில் ஊர்க்காடு பற்றிப் பேசுவதென்றால் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏரியில் மரம் வளர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுவீடன் அரசின் உதவியோடு 1981ல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் ஏரி உள்வாய்களையே பெரிதும் பயன்படுத்தியது. அதற்குத் தேர்ந்த மரம் நாட்டுக் கருவேலம். சில மாதம் தண்ணீரில் நின்றாலும் அது சாகாது. கோடையில் புல் காய்ந்துபோன நேரத்தில் காய் உதிர்க்கும், ஆட்டுக்கு அது நல்ல தீனி. விறகு நின்று எரியும், கட்டை கலப்பைக்கும் வண்டிக்கும் ஆகும், வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். மரத்தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை பங்கில் இருந்தது. நட்டவர் நாட்கூலிக்கு நட்டார், காத்தவர் மாதக்கூலிக்குக் காத்தார். மரம் முற்றியதும் ஏலம் விடப்பட்டது. வெட்டி ஏற்றிச் சென்றவர் ஒப்பந்ததாரர். ஏலத்தொகை வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் பிரிந்தது. ஊராட்சிக்கு வந்த பகுதி பொதுச் செலவில் சேர்ந்தது. அந்த ஏரியில் ஆடு மேய்த்த குடும்பத்துக்கு, அதன் பெயர் சொல்லி ஒதுக்கிய பங்கு என்று ஒன்று பெரும்பாலும் இருக்கவில்லை. திட்டத்தின் பெயரில் சமூகம் இருந்தது, கணக்கில் இரண்டு அலுவலகங்களே இருந்தன.

நாட்டுக் கருவேலம் நின்ற இடங்களில் பலவற்றை இன்று வேலிகாத்தான் பிடித்திருக்கிறது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகக் கொண்டுவந்து பரப்பிய சீமைக் கருவேலமே அது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் 2017ல் உத்தரவிட்டது. அயல் களைத் தாவரங்களை ஒழிக்கத் தமிழக அரசு 2022ல் ஒரு கொள்கையையும் வெளியிட்டது. அகற்றும் வேலையும் ஏலத்தில்தான் போகிறது. ஒரு பொது நிலத்தின் மரம் ஏலத்தில் போனால் வெட்டுவது யார், என்ன கூலிக்கு என்ற கேள்வியை ஊர் கேட்பதில்லை. கேட்க வேண்டியதன் காரணம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை அதிகாரிகள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்டார்கள். அவர்கள் இருளர் பழங்குடியினர். சிறுதொகை முன்பணம் வாங்கிய குற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. காட்டை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்த ஒரு மக்கள் கூட்டம், அதே காட்டு மரத்தை இன்னொருவருக்காக அடிமையாக வெட்டியது என்பதை இந்தப் பகுதியின் மரக் கணக்கில் முதல் வரியாக எழுத வேண்டும்.

பொதுச்சொத்தை ஊர் காப்பது எப்போது நடக்கிறது என்பதற்கு வேடந்தாங்கல் நல்ல சான்று. உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, அதிகத் தொலைவில்லாத அந்த ஏரியில் கூடு கட்டும் பறவைகளை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கும் உரிமை வேண்டும் என்று ஊரார் கேட்க, 1798ல் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அதை எழுத்தில் கொடுத்தார். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1936ல்தான். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பட்டாசு வெடிக்காமல், கல் எறியாமல் ஊர் காத்ததற்கு அன்பு ஒரு காரணம். எழுத்தில் இருந்த உரிமையும், மடை வழியே வயலுக்கு நேராக வந்த பலனும் மற்ற காரணங்கள். பலன் மடையில் வந்ததால் அது நிலம் வைத்திருந்தவர்களுக்கே போனது என்பதையும் மறக்கக் கூடாது.

உத்திரமேரூரின் சொந்த வரலாறும் இதே இடத்தில் வந்து நிற்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளை நாடே அறியும். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆளெடுத்தது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனி வாரியங்கள் இருந்தன. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மீண்டும் வாரியத்தில் அமர முடியாது. இன்றைக்கு எந்த வனக்குழுவுக்கும் இதைவிடக் கூர்மையான விதி எழுத முடியாது. ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்தில் அமரக் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்றது. நிலமற்றவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. பெருமைக்குரிய இந்தச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு விதியை. தள்ள வேண்டியது நிலத் தகுதியை. ஊர்க்காட்டுக் குழுவில் நிலமில்லாதவருக்கே முதல் இடம் தர வேண்டும், ஏனென்றால் அந்தக் காட்டை நம்பி அடுப்பு எரிவது அவர் வீட்டில்.

மற்ற இடங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அரபாரி என்ற இடத்தில் 1970களின் தொடக்கத்தில் ஏ.கே. பானர்ஜி என்ற வன அலுவலர் ஒரு சோதனை செய்தார். சிதைந்துபோன சால் காட்டை 618 குடும்பங்களிடம் ஒப்படைத்து, காத்தால் வெட்டு விளைச்சலில் 25 விழுக்காடு அவர்களுக்கு என்றார். காடு மீண்டும் துளிர்த்தது. 1990 ஜூன் முதல் நாள் நடுவண் அரசு எல்லா மாநிலங்களுக்கும் கூட்டு வன மேலாண்மையைப் பரிந்துரைத்தபோது அரபாரியின் அனுபவம் அதன் பின்னால் இருந்தது. தமிழ்நாட்டில் இது ஜப்பானியக் கடனுதவியோடு 1997ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டமாக வந்தது. கிராம வனக்குழுக்கள் அமைந்தன, தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் வெட்டினார்கள், ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு, மாடு, சிறுதொழிலுக்குச் சுழல்நிதி கிடைத்தது. நிலத்தடி நீர் பல ஊர்களில் ஏறியது. ஆனால் குழுவின் கோப்பும் வங்கிக் கணக்கும் வனத்துறை அலுவலர் கையையும் சார்ந்தே நடந்தன. திட்டக்காலம் முடிந்து பணம் நின்றதும் பல குழுக்கள் கூடுவதை நிறுத்திக்கொண்டன. பணம் வருவதால் கூடிய குழு, பணம் நின்றால் கலையும். விளைச்சல் வருவதால் கூடும் குழுதான் நிலைக்கும்.

நேபாளம் வேறு வழியில் போனது. அங்கே 1993ன் வனச் சட்டம் காட்டைப் பயனாளர் குழுக்களிடமே ஒப்படைத்தது. இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் அங்கும் ஏழைகளுக்கு அடி விழுந்தது. காடு துளிர்க்கட்டும் என்று சில ஆண்டுகள் மூடியபோது, சொந்த நிலத்தில் மரம் உள்ளவருக்கு நட்டமில்லை. தலைச்சுமை விறகு விற்றவரும், கரி சுட்டு இரும்படித்த கொல்லரும் அன்றாடக் கூலியை இழந்தனர். அதைக் கண்டுதான் பின்னர், குழுவின் வருமானத்தில் 35 விழுக்காட்டை ஏழைகளுக்கான வேலைகளில் செலவிட வேண்டும் என்று வழிகாட்டு நெறி வந்தது. ஏழை யார் என்பதை ஊர்க்கூட்டமே வீடு வீடாக எண்ணி முடிவு செய்யும். நேபாளத்தின் 18,000 ஊர்க்காடுகளை ஆராய்ந்து 2019ல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றால் காடழிப்பு 37 விழுக்காடும் வறுமை 4.3 விழுக்காடும் ஒப்பளவில் குறைந்ததாகக் கணக்கிட்டது. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊர்க்காடு வறுமையை ஒழித்துவிடும் என்று சொல்வது மிகை. குறைக்கும் என்பது உண்மை, அந்தக் குறைவு எவ்வளவு என்பது விதியைப் பொறுத்தது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டுப் பழங்குடி ஊர், 2006ன் வன உரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது 2009ல் சமூக உரிமை பெற்றது. ஆனாலும் மூங்கிலை வெட்டி விற்கப் போக்குவரத்துச் சீட்டு வனத்துறையிடம்தான் இருந்தது. 2011ல் அந்தச் சீட்டை எழுதும் அதிகாரமும் கிராம சபைக்கு வந்த பிறகே மூங்கிலின் விலை ஊருக்கு வந்தது. அதுவரை மரம் ஊருடையது, பணம் பிறருடையது.

வன உரிமைச் சட்டம் உத்திரமேரூருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கியிருந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. காப்புக்காட்டின் ஓரம் வாழ்ந்து, அதில் தேனும் நன்னாரியும் ஈச்ச ஓலையும் எடுத்துவந்த இருளர் குடியிருப்புகள் பழங்குடியினர் என்ற முறையில் கோரிக்கை வைக்கலாம். மற்றவர்களிடம் சட்டம் கேட்கும் எழுபத்தைந்து ஆண்டுச் சான்று அவர்களுக்குத் தேவையில்லை. சிறு வனப்பொருளுக்கு உடைமை உரிமை, காட்டைக் காத்து ஆளும் சமூக உரிமை ஆகிய இரண்டையும் கேட்கலாம். கோரிக்கையை ஏற்று முதலில் தீர்மானிக்கும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமல்ல, கிராம சபை. வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் கிராம சபைதான். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஓர் ஊரில் இருளர் பத்து வீடுகளே இருந்தாலும் இந்த உரிமை உண்டு. அவர்கள் கூட்டத்துக்கு வராவிட்டால் கூட்டம் அவர்கள் தெருவுக்குப் போக வேண்டும்.

காப்புக்காட்டுக்கு வெளியே ஏரியிலும் புறம்போக்கிலும் உள்ள மரங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் 2சி கணக்கில் புறம்போக்கு மரங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகும். அதன்படி தரும் 2சி பட்டா, நிலத்தின் மீது உரிமை தராமல் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையைத் தருகிறது. புளிக்கும் பனைக்கும் இது பழைய பழக்கம். நடைமுறையில் நிலமுள்ளவரின் வயலோரப் பனைக்கு இந்தப் பட்டா எளிதாகக் கிடைக்கிறது, நிலமில்லாதவர் கேட்பதே இல்லை. இனி நடும் மரங்களுக்கு, நட்டு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய நிலமற்ற குடும்பத்தின் பெயரில் அல்லது மகளிர் குழுவின் பெயரில் 2சி பட்டா தரவேண்டும் என்று கிராம சபை தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்பலாம்.

மரம் தரும் வருமானத்தின் தொகையைவிட அது வரும் மாதம் முக்கியம். இந்தப் பகுதியில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று ஏரித் தண்ணீரை ஒட்டி நெல் நடக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலி போய்விட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைப் பேருந்து இளைஞரை ஏற்றிச் செல்கிறது, நாற்பதைத் தாண்டிய பெண்ணை ஏற்றுவதில்லை. அவருக்கு வேலையில்லாத மாதங்களில்தான் மரம் விளைகிறது. மாசி, பங்குனியில் புளி. கோடையில் நுங்கு, கருவேலங்காய், புங்கங்கொட்டை. ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை. முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கோ கல்குவாரிக்கோ மரவெட்டுக்கோ குடும்பத்தோடு போகும் நிலை பெரும்பாலும் இந்தப் பஞ்ச மாதங்களில்தான் உண்டாகிறது. அந்த நேரத்தில் கையில் வரும் சில ஆயிரம் ரூபாய், ஆண்டு முழுதும் பரவி வரும் பெரிய தொகையைவிட அதிகம் காக்கும்.

பொறுக்கிய கொட்டையை அன்றே வியாபாரியிடம் கொட்டினால் விலை அவர் சொன்னதுதான். உலர்த்தி, சுத்தம் செய்து, ஊருக்குப் பொதுவான கொட்டகையில் சேர்த்து ஒரே எடையாக விற்றால் பேரம் பேச முடியும். அதற்குத் தேவை ஒரு களம், ஒரு தராசு, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இன்று அரிது, அந்தக் கணக்குப் பழக்கம் அங்கே இருக்கிறது. சிறு வனப்பொருளுக்கு நடுவண் அரசு 2013-14 முதல் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் புளியும் புங்கங்கொட்டையும் உண்டு. பேரத்துக்கு அடித்தளமாக அந்த விலையைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம். இருளர் அறிவு சந்தைக்கு வந்த முன்மாதிரிகள் அருகிலேயே இருக்கின்றன. பாம்புத் தோல் வாணிபம் நின்ற பிறகு, 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்செடுத்துக் கொடுத்து நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அடிப்படையாக நிற்கிறது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986ல் அமைந்த இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகையும் நாற்றங்காலும் வளர்க்கிறது. இரண்டிலும் உறுப்பினர் இருளரே. பிறர் நடத்தும் சங்கத்தில் கூலியாள் அல்ல.

நடும் செலவுக்குத் தடை பெரிதில்லை. ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியில் குழியெடுக்கலாம், வேலி கட்டலாம். காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நாற்று தருகிறது. குறை நட்ட பிறகுதான். கன்றைக் காப்பவருக்கு உரிமை இல்லாவிட்டால் அடுத்த கோடையில் குழி மட்டுமே மிஞ்சும். நாட்டுக் கருவேலம், புங்கம், வேம்பு, புளி, நாவல், பனை ஆகியவை இந்த மண்ணில் நின்று காட்டியவை. எதை எங்கே நடுவது என்பதில் ஆயக்கட்டு விவசாயிகளின் கவலையையும் கேட்க வேண்டும். உள்வாய் முழுதும் மரம் அடைத்தால் தூர்வார முடியாது, நீர்க்கொள்ளளவு குறையும் என்பது அவர்கள் சொல்வது. அது நியாயமான சொல். ஆழமான பகுதியைத் திறந்து விட்டு, நீர் கடைசியாக ஏறி முதலில் வடியும் மேல் விளிம்பில் கருவேலமும், கரையின் வெளிச்சரிவில் பனையும் வைத்தால் இருவர் தேவையும் நடக்கும். மேய்ச்சலை ஒரேயடியாக மூடக் கூடாது. ஏரியை மூன்று பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றை மட்டும் மூடினால் கன்றும் வளரும், ஆடும் பட்டினி கிடக்காது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 ஊராட்சிகளின் கிராம சபை உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை இவை. ஊரின் 2சி கணக்கையும், கடந்த ஐந்தாண்டு மர ஏலத்தின் தொகையையும் எல்லார் காதிலும் விழப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பொது மரத்தின் வருமானத்தில் குறைந்தது பாதி, நிலமில்லாத குடும்பங்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் பெயர் சொல்லி வங்கிக் கணக்கில் சேரவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வேலிகாத்தான் வெட்டும் ஏலத்தை வெளியாருக்கு விடும் முன் ஊரின் நிலமற்றோர் குழுவுக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள். யார் எடுத்தாலும் வெட்டுவோரின் பெயரும் கூலியும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இருளர் குடியிருப்பு உள்ள ஊர்களில் வன உரிமைக் குழுவை அன்றே தேர்ந்தெடுங்கள். கணக்குக் காட்டாதவர் அடுத்த முறை குழுவில் இல்லை என்ற விதியையும் தீர்மானத்தில் சேர்த்து எழுதுங்கள்.